புதுப்பிப்பு: செங்காந்தள் தாள்கள் மூன்றல்ல, நான்கு

செங்காந்தளின் ஹெர்பேரியப் பதிவுகளில் (செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமிக்கும் காப்பகம்தான் ஹெர்பேரியம்) சேகரித்தவர் ஒரே ஆள், ஒரே நாள், ஆனால் மூன்று பார்கோடு. மூன்று செடியா ஒன்றா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

ஒன்றேதான். தாள்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே சேகரிப்பு எண். ஒரே பறிப்பைப் பகுத்து அழுத்தி, நகல் தாள்களை மற்ற ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம். பார்கோடு தாளுக்கு, சேகரிப்பு எண் பறிப்புக்கு. இதை முதலிலேயே பார்க்காதது என் தப்பு.

தேடும்போது நான்காவதும் சிக்கியது, 'மெத்தோனிகா சூப்பர்பா' என்ற பழைய பெயரில். தாளின் ஓரத்தில் 'குளோரியோசா சூப்பர்பா' என்று திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், தரவுத்தளத்தில்தான் அது ஏறவில்லை. (அத்தனை அழுத்தியும் இலைநுனிச் சுருள் அப்படியே இருக்கிறது, அழகு!)

செடி கிடைத்த இடங்களைக் குறிக்கும் என் வரைபடத்தில் இப்போது நான்குக்கும் சேர்த்து ஒரே புள்ளி. மற்ற பதிவுகளிலும் இப்படி நகல்கள் இருக்கின்றனவா என்று சேகரிப்பாளர், எண், தேதி மூன்றையும் வைத்துச் சலிக்கிறேன்.