எபிலெப்டோஜெனிக் லீஷன்: 'வலிப்புத்தடம்' எனலாமா?

வணக்கம். வலிப்பைக் கிளப்பக்கூடிய மூளைப் பழுதை ஆங்கிலத்தில் 'எபிலெப்டோஜெனிக் லீஷன்' என்பார்கள். அதைத் தமிழில் 'வலிப்புத்தடம்' எனலாம் என்று நான் சொன்னதற்கு ஒருவர் எழுதிய மறுமொழி இது:

> 'வலிப்பு நைவுப்புண்' போதுமே, ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

புழங்குகிறது, சரி. ஆனால் அது ஒரு வீட்டுக்குள் போனால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டேன். சித்தப்பாவுக்கு 46 வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தது. ஸ்கேன் அறிக்கையில் இருந்த 'லீஷன்' என்பதை நான்தான் 'புண்' என்று படித்துச் சொன்னேன். சித்தி உடனே, "மூளைக்குள்ள சீழ் வெச்சிருக்கா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அங்கே புண்ணே இல்லை. எப்போதோ உள்ளே போன பன்றி நாடாப்புழுவின் முட்டை மூளையில் நீர்ப்பையாகி, செத்து, சுண்ணாம்பு ஏறி நின்ற வெள்ளைப் புள்ளி, பச்சைப்பயறு அளவுதான். சித்தப்பா சைவம் என்பதால் யாரும் நம்பவில்லை. முட்டை இறைச்சியில் வருவதில்லை, கழுவாத காய்கறியிலும் தண்ணீரிலும் வருகிறது. மற்ற பலவற்றுக்கு எம்.ஆர்.ஐ. மேல் என்றாலும், சுண்ணாம்பு ஏறிய புள்ளியை சி.டி.தான் பளிச்சென்று காட்டும்.

அதனால்தான் 'தடம்' என்கிறேன். புழு விட்ட புள்ளி, தலையில் அடிபட்ட வடு, பக்கவாதம் தாக்கிய இடம், சுருங்கிக் கெட்டிப்பட்ட ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதைக் கட்டி என்றே எழுதுவோம்.

பாறைமேல் நடந்தால் தடம் பதியாது. அதற்காக யாரும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாமலே வலிப்பு நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். 'ஸ்கேன் நார்மல்' என்று கேட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் 'உங்களுக்கு இருப்பது தடமில்லா வலிப்பு' என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். தடம் தெரிந்தாலே வலிப்பு நோய் என்றும் இல்லை. நோயை முதலில் சொல்வது, வலிப்பு வந்தபோது பக்கத்தில் இருந்தவரின் விவரிப்பு. 2014இல் வந்த பன்னாட்டு வரையறைப்படி, வலிப்பு நோய் என்று சொல்ல, தூண்டுதல் இல்லாத (காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் இல்லாத) வலிப்பு 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்திருக்கலாம். அல்லது ஒருமுறை வந்து, அடுத்த 10 ஆண்டுகளில் திரும்ப வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்கலாம். இந்த இரண்டாவது கணக்கில்தான் தடம் பெரிதாகப் பேசும்.

அப்புறம், வலிப்பு கிளம்பும் இடத்தைக் குறிக்கும் 'ஃபோகஸ்' என்பதற்கும் இதையே வைத்துவிட வேண்டாம். அந்த இடம் தடத்தின் ஓரத்திலோ சற்றுத் தள்ளியோ இருக்கலாம். அறுவை செய்பவர்களுக்கு அது முக்கியம். 'குவியம்' லென்ஸுக்கு உரியது. வலிப்பு அங்கே குவிவதில்லை, அங்கிருந்து கிளம்புகிறது. 'வலிப்பூற்று' எப்படி?

'தடம்', 'தடயம்' இரண்டும் குழம்புமா என்பதையும் சொல்லுங்கள்.