நோவாவின் எந்த மகன் வழி நீங்கள்? – கேட்டவர்களும் சொன்னவர்களும்

யெரெவான்வாசி

ஆர்மீனியாவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது சம்பளம் எவ்வளவு, சமையலில் வாசனை வருமா என்றெல்லாம் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். வீட்டுக்காரத் தாத்தா கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் இந்தியர்கள் நோவாவின் எந்த மகன் வழி?" சிஎஸ்ஐ குடும்பத்தில் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியவன் நான், ஆனாலும் முழித்தேன். பிரளயத்தில் பேழையில் தப்பிய நோவாவுக்கு சேம், காம், யாப்பேத்து என்று மூன்று மகன்கள், உலக ஜனங்கள் எல்லாம் அவர்கள் வழி என்று பைபிளில் பட்டியல் போடுவது ஆதியாகமம் 10, எங்கள் வீட்டில் வேகமாகத் தாண்டுகிற அதிகாரம். குடும்ப ஜெபத்தில் அந்தப் பக்கம் வந்தால் "வெறும் பெயரா இருக்கு, அடுத்த அதிகாரம் எடு" என்பார் அப்பா.

தாத்தாவுக்கு அது வெறும் பெயர் இல்லை, வீட்டுப் பட்டா மாதிரி. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதினார்: யாப்பேத்து, அவன் மகன் கோமர், அவன் மகன் தீராஸ், அவன் மகன் தோர்கோம், அவன் மகன் ஹயிக். இந்த ஹயிக்தான் இவர்களுக்கு மூலபிதா. தங்களை ஹய் என்றும் நாட்டை ஹயஸ்தான் என்றும்தான் சொல்லிக்கொள்கிறார்கள், ஆர்மீனியா என்பது வெளியாட்கள் வைத்த பெயர். பாபிலோனில் பேல் என்கிற கொடுங்கோலன் (நம் வேதத்தில் வரும் நிம்ரோதுதான் அவன் என்பது இவர்கள் கணக்கு) எல்லாரும் தன்னைக் கும்பிட வேண்டும் என்றானாம். ஹயிக் முடியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு வடக்கே கிளம்பி வந்து, துரத்தி வந்த பேலை வான் ஏரிப் பக்கத்தில் ஒரே அம்பில் சாய்த்தானாம். அது நடந்த நாளைக்கூட விடவில்லை, 19ஆம் நூற்றாண்டில் அலிஷான் என்கிற பாதிரியார் கணக்குப் போட்டு கி.மு. 2492 ஆகஸ்ட் 11 என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். போனில் தமிழ் பைபிளைத் திறந்து, "எங்கள் வேதத்தில் தீராஸ் கோமரின் தம்பி, மகன் இல்லை. தொகர்மா, அதாவது உங்கள் தோர்கோம், நேரடியாகக் கோமருக்குப் பிறந்தவன்" என்றேன். தாத்தா அசரவே இல்லை. "உங்கள் வேதத்தை எழுதிய மோசே யூதர்களுக்கு எழுதினார். எங்கள் மோவ்சேஸ் எங்களுக்கு எழுதினார்." மோவ்சேஸ் கோரெனாட்சி என்பவர்தான் ஆர்மீனிய வரலாற்றின் தந்தை, 5ஆம் நூற்றாண்டு ஆள் என்று இவர்கள் சொல்வார்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் இன்னும் ஓரிரு நூற்றாண்டு தள்ளி வைக்கிறார்கள். தாத்தா முன்னால் அதைச் சொல்லவில்லை, வீடு வேண்டுமே.

அப்புறம் அவரே காரில் கோர் விராப் மடாலயத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே நின்றால் நோவாவின் பேழை தங்கியதாக நம்பும் 5,137 மீட்டர் அரராத் மலை எதிரே முழுசாக நிற்கிறது, ஆனால் மலை இருப்பது துருக்கியில். எல்லை 1993இல் மூடியது. தங்கள் சின்னத்திலேயே பொறித்து வைத்திருக்கும் மலையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். திரும்பி வரும்போது எச்மியாத்சின் அருங்காட்சியகம், அங்கே பேழையின் மரத்துண்டு என்று ஒன்றை வெள்ளிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். நோவா திராட்சை பயிரிட்டது இங்கேதான் என்பதற்கு அரெனி குகையை வேறு சாட்சிக்கு இழுப்பார் தாத்தா. குகையில் சுமார் 6,000 வருஷத்துக்கு முந்தைய திராட்சை ரசத் தொட்டி கிடைத்தது உண்மைதான், தோண்டியவர்கள் நோவாவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை என்பதும் உண்மை.

உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் அச்சானது எங்கள் மதராஸில், நடத்திய பாதிரியாரின் கல்லறை இன்றும் பாரிமுனை ஆர்மீனிய தேவாலயத்தில் இருக்கிறது என்று நான் எடுத்து விட்டேன். வாடகையில் ஒரு டிராம் குறையவில்லை, ஆனால் அன்று ராத்திரி காக்னாக் வந்தது.

உங்களுக்கும் இப்படி யாராவது வம்சம் சொன்னார்களா? வேதத்தில் படித்தது வேண்டாம், ஆள் நேரில் சொன்னது வேண்டும்.

குரா நதிக்கரை

அண்ணே, நான் பக்கத்து நாட்டில்தான் மருத்துவம் படிக்கிறேன், ஜார்ஜியா. உங்கள் தாத்தா கதைக்கு இங்கே இரண்டாம் பாகம் ஓடுகிறது. தோர்கோமை இவர்கள் தார்காமோஸ் என்பார்கள், அவனுக்கு எட்டு மகன்கள், மூத்தவன் ஹாவோஸ், அதாவது உங்கள் ஹயிக். இரண்டாவது கார்த்லோஸ், அவன்தான் ஜார்ஜியர்களின் தகப்பன். மீதிப் பேரில் ஒருவன் லெஸ்கியருக்கு, ஒருவன் காக்கேசியருக்கு என்று மலைக்கு ஒரு தம்பி. ஜார்ஜியர்களின் பழைய வரலாற்றிலேயே ஆர்மீனியன்தான் அண்ணன் என்று எழுதியிருக்கிறது. இதை எங்கள் ஹாஸ்டல் வார்டனம்மாவிடம் சொன்னேன், "மூத்தவனாக இருந்தால் மட்டும் போதுமா, சோறு போடத் தெரிய வேண்டாமா" என்று முடித்துவிட்டார். இரண்டு நாட்டுக்கும் நடுவில் எந்தச் சாப்பாடு யாருடையது என்கிற சண்டை ஓயாது, அதனால் வந்த பதில் அது.

வைகைக்கரை

எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிர்த்திசை.

ஒருவர் எங்கள் மாமா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நோவா பாண்டிய நாட்டு ஆள் என்று சத்தியம் செய்வார். ஆதாரம் கேட்டால் பாகவதத்துக்குப் போவார்: திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலா ஆற்றில் தர்ப்பணம் செய்கிறான், கையில் குட்டி மீன் வருகிறது, அப்புறம் பிரளயம், ஓடம். கிருதமாலா வைகைதான் என்பது மதுரைப் பக்கம் பழைய நம்பிக்கை. கதையும் அங்கே இருப்பதுதான். அதிலிருந்து நோவாவுக்குத் தாவுவது மட்டும் மாமாவின் சொந்தச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் 18ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் உட்கார்ந்து வில்லியம் ஜோன்ஸ் இதையே செய்திருக்கிறார், சத்தியவிரதனையும் நோவாவையும் ஒன்றாக்கி, உலக ஜனங்களை எல்லாம் மூன்று மகன்களுக்குப் பிரித்துக்கொடுத்து. மாமாவிடம் இதைச் சொன்னதிலிருந்து ஜோன்ஸ் பெரிய அறிஞர் ஆகிவிட்டார்.

இன்னொருவர் பீஜப்பூரில் பார்த்த பெரியவர். கோல்கும்பஸ் வாசலில் டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. 1600களின் தொடக்கத்தில் அந்த ஊர் சுல்தானிடம் இருந்த பிரிஷ்தா என்கிற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னார். காமின் மகன் ஹிந்து, அவன் தம்பி சிந்து. ஹிந்துவுக்கு நான்கு பையன்கள்: பூரப், பங்கு, தக்கன், நஹ்ர்வால். தக்கனுக்கு மூன்று பையன்கள்: மராட்டன், கன்னடன், தெலுங்கன்.

"தமிழன்?" என்றேன்.

பெரியவர் யோசித்துப் பார்த்தார். "அவ்வளவு தூரம் பிரிஷ்தா போகவில்லை, தம்பி."

எழுதியவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மராட்டியும் கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்திருக்கும், அத்தனை பேருக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. யெரெவான் தாத்தா கதையும் இதுதானே? யார் பேனா பிடிக்கிறாரோ அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிகிற ஜனங்களுக்குத்தான் நோவாவின் சொத்தில் பங்கு.

கிகாலி வாத்தியார்

சிரித்துக்கொண்டே படித்தேன். என் அனுபவம் சிரிக்கிற மாதிரி இல்லை.

ருவாண்டாவில் பாடம் நடத்தினேன். வேதபாட வகுப்பு எடுக்கும் சக ஆசிரியர், என்னைவிட மூத்தவர், 9, 10ஆம் அதிகாரங்களுக்கு வரும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். "இந்தப் பக்கத்தை வைத்துத்தான் எங்களைப் பிரித்தார்கள்" என்றார்.

நம் ஊர்க் கூட்டங்களில் நான் கேட்டது ஒன்றுதான்: காம் சபிக்கப்பட்டான், அதனால் கறுப்பர்கள் அடிமைகள். ஒரு நற்செய்தி ஊழியர் மேடையிலேயே இதைச் சொல்ல, எங்கள் தெருவே ஆமென் போட்டது. வசனத்தை எடுத்துப் பாருங்கள், நோவா சொன்னது "கானான் சபிக்கப்பட்டவன்" என்று. காமின் நான்கு மகன்களில் கானான் ஒருவன், எகிப்துக்கு மிஸ்ராயீம், அதற்குத் தெற்கே கூஷ், இவர்கள் பேரில் ஒரு சாபமும் இல்லை. அடிமை வியாபாரத்துக்கு வேதவாக்கு தேவைப்பட்டது, கானானை எடுத்துவிட்டுக் காமை வைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் போனார், கூடவே போன அறிஞர்கள் கோயில்களையும் கல்லறைகளையும் பார்த்து மலைத்தார்கள். சபிக்கப்பட்ட வம்சம் இதைக் கட்டியிருக்குமா? உடனே கதை தலைகீழானது. காமின் பிள்ளைகள் உண்மையில் வெள்ளையருக்கு நெருங்கிய கூட்டம், ஆப்பிரிக்காவில் எங்கே அரசும் நாகரிகமும் இருக்கிறதோ அதெல்லாம் அவர்கள் கொண்டுவந்தது என்றார்கள். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன ஸ்பீக் 1863இல் வெளியிட்ட தன் பயணக் குறிப்பில், இந்த ஏரிப் பகுதி அரச குலங்கள் எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்று எழுதினார். பின்னால் வந்த ஜெர்மானியர், பெல்ஜியர், பாதிரிமார் எல்லாரும் ருவாண்டாவின் இரண்டு பெரிய பிரிவினர் மேல் அதையே பொருத்திப் பிடித்துக்கொண்டார்கள்: டுட்சி காம் வம்சம், வந்தேறி, ஆளப் பிறந்தவன், ஹூட்டு உள்ளூரான், உழைக்கப் பிறந்தவன். 1930களில் பெல்ஜியர்கள் அடையாள அட்டையில் இனத்தை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். ஒரே மொழி பேசி, ஒரே மலையில் குடியிருந்த ஜனங்கள்.

உயர்ந்தவன் என்று சொன்ன அதே கதை, காலம் மாறியதும் வெளியாள் என்று திரும்பியது. 1992 நவம்பரில் லெயோன் முகெசெரா என்கிற ஹூட்டு அரசியல்வாதி கூட்டத்தில் டுட்சிகளைச் சுட்டிப் பேசினார்: உங்கள் ஊர் எத்தியோப்பியா, நியபரோங்கோ ஆற்று வழியாக உங்களைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிறோம் என்று. 1994 இனப்படுகொலையில் அந்த ஆற்றில் டுட்சிகளின் பிணங்கள் மிதந்து விக்டோரியா ஏரி வரை போய்ச் சேர்ந்தன. கனடாவுக்கு ஓடிய முகெசெராவை அந்த நாடு 2012இல் திருப்பி அனுப்பியது, 2016இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த ஆசிரியரோடு ஒருமுறை பஸ்ஸில் நியபரோங்கோ பாலத்தைத் தாண்டினேன். செம்மண் கரைசலாக ஓடுகிற ஆறு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பாலம் முடியும் வரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

வைகைக்கரை சொன்ன திண்ணைக் கணக்கு சரிதான், ஆனால் பேனா பிடித்தவர் பக்கத்து வீட்டுக்காரராக இல்லாமல் துப்பாக்கியோடு வந்தவராக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யெரெவான்வாசி

சார், நன்றி. இதைத் தாத்தாவிடம் சொல்வேன். அவர் குடும்பமும் 1915 ஆர்மீனியப் படுகொலையின்போது வான் பக்கத்திலிருந்து தப்பி வந்ததுதான்.

குவைத் சிஸ்டர்

நான் நர்ஸ், குவைத்தில் வேலை. எத்தியோப்பியா பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் எத்தியோப்பியப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஆர்த்தடாக்ஸ். அவர்கள் வேதத்தில் 81 புத்தகம், நமக்குத் தெரியாத குஃபாலே என்கிற நூலும் அதில் உண்டு. யூபிலி நூல் என்று மற்றவர்கள் சொல்வார்களாம், முழு நூலும் அவர்களுடைய பழைய கீஸ் மொழியில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. எபிரெய மூலத்தின் துண்டுகள் பிற்பாடு சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்தன.

அதில் நோவா பூமியைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுக்கிறார். யாப்பேத்துக்குக் குளிர் தேசம், காமுக்குச் சூட்டு தேசம், சேமுக்கு இரண்டும் கலந்த இதமான தேசம். சேமுக்கு விழுந்த பங்கில் இந்தியாவின் பெயர் சொல்லியே வருகிறது, பிரிஷ்தா நம்மைக் காமிடம் தள்ளியதற்கு இது மறுப்பு. செங்கடல் பக்கமும் சேமுக்குத்தான். ஆகஸ்ட் மாதம் மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குச் சேமிடம் கேட்க நிறைய இருக்கிறது.

ஆனால் அவள் சொன்னதில் என்னை உட்கார வைத்தது வேறு. ஆதியாகமம் 10ஐ எத்தனை தரம் படித்தாலும் ஒரு பெண் பெயர் கிடையாது. எழுபது ஜாதிகள் பிறந்தன, பெற்றவள் ஒருத்தியும் இல்லை. குஃபாலேயில் இருக்கிறார்கள்! நோவாவின் மனைவி எம்சாரா. சேமின் மனைவி செதெகெதெலெபாப், காமின் மனைவி நேஎலதமாவுக், யாப்பேத்தின் மனைவி அதாதனேசெஸ். மகன்கள் மூவரும் ஆளுக்கொரு பட்டணம் கட்டி மனைவி பெயரையே வைத்தார்களாம். நைட் டியூட்டியில் சார்ட் எழுதுகிற பேனாவால் அவள் எனக்கு இதைக் கையுறைப் பெட்டியின் அட்டையில் எழுதிக் கொடுத்தாள், வாயில் நுழைய எனக்கு வெகு நேரமானது.

லீவில் ஊருக்கு வந்தபோது பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சொன்னேன். பாஸ்டரம்மா, "அது நம்ம வேதத்துல இல்லியேம்மா" என்று இழுத்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அவளுக யாரும் இல்லாமயா பிள்ளை பொறந்துச்சு" என்று கேட்டதும் கூட்டம் கலகலத்துவிட்டது.

அந்த நூல் தமிழில் வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள், அந்தப் பாட்டி கேட்டிருக்கிறார்கள். எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.