மெட்டு இனிப்பா இருந்தா ஒலி கரகரன்னுதான் இருக்கணுமா?

மார்த்தாண்டம்_கிட்டார்:
எனக்க மருமகனும் கூட்டாளிகளும் நாலு பாட்டு போட்டு வச்சிருக்கானுவ. கராஜ் பங்க்தான், அதாவது மெருகில்லாம முரட்டுத்தனமா அடிக்குத ராக்கு. ஆனா கோரஸ், அதான் திரும்பத் திரும்ப வாற பகுதி, ஒரு தடவ கேட்டா நாக்குல ஒட்டிக்கிடும். ஸ்டுடியோக்காரர் கிளிக் (காதுல டிக் டிக்குன்னு தாளம் காட்டுத சத்தம்) போட்டு டிரம் தனியா, கிட்டார் தனியா ரெக்கார்ட் பண்ணணும், குரலுக்கு ஆட்டோடியூன் (சுருதி தப்புனா கம்ப்யூட்டர்ல திருத்துதது) போடணும்னு சொல்லுகாரு. எனக்குப் பிடிக்கல. பார்வதிபுரத்துல ஒரு மாடி அறை இருக்கு, எல்லாரும் சேந்து அடிச்சு எடுக்கட்டும். அமெரிக்காவுல போர்ட்லண்ட் ஊர் பேண்டு எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் 2003-ல போட்ட 'கிட்டார் ரொமான்டிக்' ஆல்பம் கேட்டுப் பாருங்க. பத்துப் பாட்டு. அந்தக் கரகரப்ப எடுத்துட்டா மிச்சம் சீனிப்பாகாக்கும். (அதே வருசம் ஜூலையில வேன் விபத்துல நாலு பேர்ல மூணு பேர் போயிட்டானுவ. பாவம்.)

வடசேரி_டிரம்மர்:
அண்ணே, இது நல்ல மைக் இல்லாதவன் சொல்லுத சாக்கு. இங்கிலாந்து பங்க் பேண்டு பஸ்காக்ஸ் 500 பவுண்ட் கடன் வாங்கி 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' இசைத்தட்டு போட்டது 1977. அடுத்த வருசமே மார்ட்டின் ரஷன்ட் தயாரிப்புல 'எவர் ஃபாலன் இன் லவ்' பாட்டு. அதுல ஒவ்வொரு அடியும் தெளிவா விழுது. ரெண்டையும் கேட்டுட்டு, குளிக்கும்போது எது வாயில வருதுன்னு சொல்லுங்க.

குளச்சல்_காத்து:
லேய் மக்கா, 1963-ல அமெரிக்க பேண்டு கிங்ஸ்மென் பாடுன 'லூயி லூயி'? மைக்க உசரத்துல தொங்கவிட்டதுல பாடுதவன் அண்ணாந்து கத்துகான். ஒரு வார்த்தை பிடிபடாது. ஆபாசம்னு புகார் போயி அமெரிக்க அரசோட விசாரணை அமைப்பு எஃப்பிஐ விசாரிச்சுது. எந்த வேகத்துல ஓட்டுனாலும் விளங்கலன்னு விட்டுட்டானுவ. அதுக்கு மேல விளம்பரம் வேணுமா?

வடசேரி_டிரம்மர்:
அந்தப் பாட்டத் தூக்குனது ரிஃப்பு, அதான் திரும்பத் திரும்ப வாற அந்தச் சின்ன இசைத் துண்டு. இவனுவ தமிழ்ல எழுதியிருக்கானுவ, அதுவும் நம்ம ஊர் பேச்சுல. வார்த்தை விளங்கலன்னா பொறவு எதுக்கு எழுதணும்?

மார்த்தாண்டம்_கிட்டார்:
வார்த்தைய விடு. இவனுவ மூணு பேரும் சர்ச் கொயர்ல வளந்தவனுவ. டெனர், ஆல்ட்டோன்னு கூட்டா பாடுத குரல்ல எது எங்க ஏறணும், எது எங்க நிக்கணும்னு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம், தானா வந்து விழுது. இவனுவ பாட்டு மாதிரி இனிப்பு மெட்டும் கிட்டார் அடியும் சேந்த பவர் பாப்புக்கு இதவிட என்ன வேணும்? சென்னையில எத்தன பேண்டுக்கு இது கிட்டும்? மூணு குரலும் சேரும்போது ஒருத்தன் இத்துனூண்டு கீழ நிப்பான், அந்த உரசல்தான் அழகு. ஆட்டோடியூன் அதத்தான் மொதல்ல வழிச்சு எடுக்கும்.

வடசேரி_டிரம்மர்:
ஆட்டோடியூன் வேண்டாம்னுதான் நானும் சொல்லுகேன். ஆனா அந்த ஹார்மனிய, அதான் குரல் சேருத அழக, கிட்டார் இரைச்சல்ல முக்குனா உங்க காதுக்கே கேக்காதே! நியூயார்க் பங்க் பேண்டு ரமோன்ஸ் 1976 ஆல்பத்த சுமார் 6,400 டாலர்ல ஒரு வாரத்துல முடிச்சானுவ. அப்பவும் கிட்டார் ஒரு ஸ்பீக்கர்ல, பேஸ் மறு ஸ்பீக்கர்ல. கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கானுவ.

குளச்சல்_காத்து:
அது கொள்ளாம். ஆனா அந்த மாடி அறைக்கு தகரக் கூரையாக்கும். ஐப்பசி மழையில குரல் மைக்ல தகரம்தான் பாடும்.

மார்த்தாண்டம்_கிட்டார்:
அப்ப டிரம், பேஸ், கிட்டார் மூணும் மாடியில சேந்து எடுக்கட்டும். குரல் மட்டும் பொறவு வேற இடத்துல. கிளிக் கிடையாது.

வடசேரி_டிரம்மர்:
கிளிக் இல்லன்னா உங்க டிரம்மர் பயல் ரெண்டாவது கோரஸ்ல ஓட்டம் பிடிப்பான். நான் கேட்டிருக்கேன்.

மார்த்தாண்டம்_கிட்டார்:
ஓடட்டும் தம்பி. பங்க்குன்னா ஓடத்தான் செய்யும்.

வடசேரி_டிரம்மர்:
ஓடலாம். பொறவு குரல் எடுக்க வாறவனுக்கு மூச்சு விட எடம் எங்க இருக்குன்னு நீங்களே காட்டிக்குடுங்க.