மதுரைப் பக்கம் என்பிஎம்1 எம்ஆர்டி (சிகிச்சைக்குப் பின் மிச்சமிருக்கும் ரத்தப் புற்றுநோயைத் தேடும்) சோதனை எங்கே எடுக்கலாம்?

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு (வயது 58) ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே விடாத காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு. டெங்கு என்றுதான் முதலில் பார்த்தார்கள். மதுரையில் எலும்பு மஜ்ஜை எடுத்த பிறகே நோய் தெரிந்தது.

குரோமோசோம் ரிப்போர்ட் நார்மல். என்பிஎம்1, எஃப்எல்டி3-ஐடிடி இரண்டு மரபணு மாற்றங்களும் உண்டு. முன்னது தனியாக இருந்தால், குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ள நல்ல பிரிவாம். பின்னது சேர்ந்தால் 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி நடுத்தரப் பிரிவு. சர்க்கரை இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது. எந்த சிகிச்சையைத் தாங்குவார் என்று முடிவு செய்ய வயதோடு இதையும் பார்க்கிறார்கள்.

7+3 கீமோவும் (ஒரு மருந்து 7 நாள், இன்னொன்று 3 நாள்), எஃப்எல்டி3-க்கான மிடோஸ்டாரின் மாத்திரையும் கொடுத்தார்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் (முதிராத செல்கள்) 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இப்போது இரண்டாவது சுற்று ஓடுகிறது.

ஒரு டாக்டர் உடனே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்கிறார். இன்னொருவர், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு ரத்தத்தில் என்பிஎம்1 மிச்சம் இருக்கிறதா என்று எம்ஆர்டி சோதனையில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மாற்று சிகிச்சையிலும் உயிராபத்து உண்டே. அத்தையின் எச்எல்ஏ (திசு வகை) பொருந்திவிட்டதால் கொடையாளரைப் பற்றிக் கவலையில்லை.

சிக்கல் சோதனையில்தான். ராமநாதபுரம் லேப்களில் கேட்டால் பெயரே புதிதாக இருக்கிறது. சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் செல்களை வைத்துப் பார்க்கும் ஃப்ளோ முறை மட்டும்தான்; மரபணுவைத் தேடும் பிசிஆர் இல்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் சாம்பிளைக் கூரியரில் அனுப்பலாம் என்றார். சோதனைக்குத் தேவையான ஆர்என்ஏ வழியில் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

என்பிஎம்1 எம்ஆர்டியை பிசிஆர் முறையில், மதுரையிலோ திருச்சியிலோ நேரில் ரத்தம் கொடுத்து எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த லேப் என்று சொல்வீர்களா?