ஹாலோ பாடி கிட்டார் ஊளையிடுகிறது: கம்பியை மாற்றவா, பிக்கப்பை மாற்றவா?

செம்பூர்_கம்பி:
போன தீபாவளிக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு முழு ஹாலோ பாடி (உள்ளே வெற்றுக்கூடான) கிட்டார் வாங்கினேன். இரண்டு பி-90 பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்), கம்பிகளைத் தாங்கும் ஒட்டாத மர பிரிட்ஜ், 10-46 கம்பி (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு). வீட்டில் சதா 'ம்ம்ம்' என்று இரைகிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சனிக்கிழமை அந்தேரியில் டிரம்ஸோடு வாசித்தபோது ஐந்தாவது கம்பியைத் தொட்டாலே ஊளை, பாடகர் திரும்பித் திரும்பி முறைக்கிறார். ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டால் இரண்டும் போய்விடும் என்கிறான் நண்பன். அப்படியே 12-52 ஃப்ளாட்வவுண்டும் (தட்டைப் பட்டி சுற்றிய வழவழப்பான கம்பி) போடலாமா? ஜாஸ் பாதி, பழைய சினிமாப் பாட்டு பாதி வாசிக்கிறேன்.

மாட்டுங்கா_மாமா:
தம்பி, இரண்டும் வேறு வேறு வியாதி. வீட்டில் வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சமாச்சாரம். நாற்காலியில் கிட்டாரோடு மெல்லச் சுற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அடங்கினால் பிக்கப் அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையோ பழைய ட்யூப்லைட் சோக்கையோ பிடிக்கிறது என்று அர்த்தம். இதற்குத்தான் சேத் லவர் என்ற இன்ஜினியர் கிப்சன் கிட்டார் கம்பெனியில் உட்கார்ந்து ஹம்பக்கரை உருவாக்கினார், 1957இல் கிட்டார்களில் வந்தது. மேடை ஊளை அப்படியில்லை. ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சத்தம் கிட்டாரின் மேல்பலகையை அதிரவைக்க, அது கம்பியை அதிரவைக்க, அது மறுபடி ஆம்புக்கே போகிறது. எந்த பிக்கப்புக்கும் இது பொது. ஹம்பக்கரை வைக்கிறேன் என்று யாராவது பலகையை வெட்ட வந்தால் விடாதீர்கள், பி-90 அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது.

ஊளைக்கு முதலில் மேல்பலகையில் 'f' வடிவத்தில் இருக்கும் அந்த எஃப் துளைகளை அடையுங்கள். நான் பழைய யோகா மேட்டை துளையைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டிச் செருகியிருக்கிறேன், பார்க்க அசிங்கம்தான். ஆம்பில் பாஸைக் குறைத்து, அதற்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள்.

முலுண்ட்_ஆறுகம்பி:
கம்பி விஷயத்தில் நான் சூடு பட்டவன். ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினேன், பிரிட்ஜ் சறுக்கி விழுந்தது, அப்புறம் அதை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. முதலில் பிரிட்ஜ் காலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். 10-க்குப் பதில் 12 போட்டால் முதல் கம்பியில் மட்டும் இழுவிசை 44 சதவீதம் ஏறும், அதனால் கழுத்து வளையாமல் பிடிக்கும் உள்கம்பியான ட்ரஸ் ராடைப் பார்த்தே ஆகவேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 52 உட்காராது. ட்யூன் பண்ணும்போது 'டிங்' என்று தாவும். இன்னொன்று, உங்கள் மர பிரிட்ஜ் சுற்றுக்கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றியது) போட்ட மூன்றாவது கம்பிக்கு வெட்டியதா என்று பாருங்கள். அப்படியென்றால் இப்போதைய வெற்றுக்கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் ஷார்ப்பாகத்தான் (சுருதி ஏறி) கேட்கும்.

வாஷி_வயலின்காரன்:
சினிமாப் பாட்டு பாதி என்கிறீர்களே, சுற்றிய மூன்றாவது கம்பியில் கமகம் இழுத்துப் பாருங்கள், விரல் அழும். நான் 11-இல் நின்றுவிட்டேன். ஃப்ளாட்வவுண்டில் விரல் கீச்சுச் சத்தம் குறைவு, மழைக்காலத்தில் என் வியர்வைக்கும் தாங்குகிறது, ஆனால் பளபளப்பு போய்விடும். பி-90இன் அழகே அதுதானே? இதில் மாமாவோடு ஒத்துப்போக மாட்டேன்: பி-90ஐக் கழற்றாதீர்கள், பிக்கப் உயரத்தை அரைத் திருகு குறைத்துப் பாருங்கள், செலவில்லை.

மாட்டுங்கா_மாமா:
நான் எங்கே கழற்றச் சொன்னேன்? கழற்றுவதானால் என்றேன்!

செம்பூர்_கம்பி:
நாற்காலியில் சுற்றினேன், ஜன்னல் பக்கம் திரும்பினால் முக்கால்வாசி அடங்குகிறது. பிக்கப் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். 11 ஃப்ளாட்வவுண்ட் வாங்கப்போகிறேன். யோகா மேட் மனைவியுடையது, அதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.