மழைநீரில் நின்ற மின்சார கார், சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது

வணக்கம். சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். மூன்று வாரமாக என் மின்சார கார் முழுதாகச் சார்ஜ் ஏறவில்லை. போட்டு அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, டேஷ்போர்டில் இன்சுலேஷன் எச்சரிக்கை (பேட்டரி மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசியலாம் என்பது) வருகிறது. மழை பெய்த மறுநாள் கட்டாயம் வரும். நல்ல வெயிலில் நிறுத்தினால் ஓரிரு நாள் வராது.

2022 மாடல், 30 கிலோவாட் மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதக் கனமழையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரவு முழுக்க ஒன்றரை அடித் தண்ணீரில் நின்றது. அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டு 15 ஆம்பியர் பிளக், எர்த்திங் இரண்டையும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. நண்பர் வீட்டிலும், வெளியே டிசி ஃபாஸ்ட் சார்ஜரிலும் இதேதான். சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை ஃபால்ட் கோடை (வண்டியில் பதிவான பிழைக் குறியீட்டை) அழித்துக் கொடுத்தார்கள். ஐபி67 (தூசி, தண்ணீர் புகாத் தரம்) பேட்டரி, தண்ணீர் போகாது என்கிறார்கள். ஆனால் அந்தத் தரத்துக்கான தண்ணீர்ச் சோதனை ஒரு மீட்டர் ஆழம்வரை 30 நிமிடம்தான். என் வண்டி எட்டு மணி நேரம் நின்றது. பேக்கைத் திறந்து பார்க்கவும் மறுக்கிறார்கள், அளந்த இன்சுலேஷன் அளவை எழுதித் தரவும் மறுக்கிறார்கள்.

எல்எஃப்பி சட்டென்று தீப்பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் பார்க்கிங்குக்கு மேலே பன்னிரண்டு வீடுகள், சின்னக் குழந்தைகள் தூங்குகிறார்கள். அதனால் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, சார்ஜ் போடுவதையே விட்டுவிட்டேன்.

தண்ணீரில் நின்ற வண்டியின் பேட்டரி பேக்கைத் திறந்து சோதிக்க வைத்து, அந்த அளவை எழுத்தில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி வாங்கினீர்கள்?