சூடோ உரிமை போய்விட்டது: உபுண்டு 22.04

ஹட்டன் வாசகி:
வணக்கம். எங்கள் தோட்ட வாசிகசாலைக்கு ஒரு பழைய கணினி கிடைத்தது. உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு, சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் ஆறு பேருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்தேன். கடந்தகால வினாத்தாள்களை எல்லோரும் பார்ப்பதற்கு ஒரு குரூப் உருவாக்கி, நேற்று மாலை, கணக்குகளை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி போட்டு என்னையும் அதில் சேர்த்தேன். ராத்திரி கணினியை மூடும்வரை எல்லாம் சரியாக இருந்தது. இன்று காலை, நிர்வாகி உரிமையோடு கட்டளை இயக்கும் சூடோவை அடித்தால், அந்த உரிமை யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் என் பெயர் இல்லையாம், இந்தச் சம்பவம் அறிவிக்கப்படுமாம். பாஸ்வேர்ட் சரிதான். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்கு நான் பாஸ்வேர்ட் வைக்கவே இல்லை. திரும்ப முதலிலிருந்து போட வேண்டுமா? வினாத்தாள்களை ஸ்கேன் செய்யவே மூன்று வாரம் எடுத்தது.

பண்டாரவளை அண்ணன்:
போட வேண்டாம் தங்கச்சி, எதுவும் அழியவில்லை. பெரிய ஜியை மட்டும் கொடுத்தால், நீங்கள் சொன்ன குரூப்பை வைத்துக்கொண்டு மற்ற துணைக் குரூப்களிலிருந்து உங்களை எடுத்துவிடும். அந்த உரிமையைத் தரும் சூடோ என்ற குரூப்பும் அப்படித்தான் போயிருக்கிறது. லாக்இன் செய்யும்போதுதான் குரூப் பட்டியல் வாசிக்கப்படும். அதனால்தான் நேற்று ஒன்றும் தெரியவில்லை.

கணினி தொடங்கும்போது ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் (யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைத் தொடக்க முறை என்றால் எஸ்கேப்). கிரப் என்ற தொடக்க மெனு வரும். மேம்பட்ட தெரிவுகளுக்குள் ரிக்கவரி மோட், அதில் ரூட் ஷெல் (ரூட்டாகக் கட்டளை அடிக்கும் இடம்). அங்கே டிஸ்க் வாசிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதவும் முடிவதற்கு முதலில் மவுண்ட், ஹைபன் ஓ, ரீமவுண்ட் கமா ஆர்டபிள்யூ, சாய்கோடு. அப்புறம் யூசர்மாட், ஹைபன், சின்ன ஏ, பெரிய ஜி, சூடோ, உங்கள் யூசர் பெயர். அந்தச் சின்ன ஏதான் இருப்பதோடு சேர்க்கச் சொல்கிறது.

நாவலப்பிட்டி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் சூடோ மட்டும் போயிருக்காது. ரூட் ஷெல்லில் இருக்கும்போதே வார், லாக் ஃபோல்டரில் ஆத் லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து, நேற்று மாலை நேரத்தில் உங்கள் பெயரோடு 'டிலீட்' என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். எந்தெந்தக் குரூப்பிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். எல்லாவற்றையும் கமா போட்டு ஒரே தடவையில் திரும்பச் சேர்க்கலாம்.

இனிமேல் ஆட்யூசர், யூசர் பெயர், குரூப் பெயர் என்று அடியுங்கள். அது சேர்க்க மட்டுமே செய்யும், எதையும் எடுக்காது. புதுப் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. யூசர்ஆட் என்ற இன்னொரு கட்டளை என்றால் சின்ன எம் போடாவிட்டால் ஹோம் ஃபோல்டர் உருவாகாது. பிள்ளைகள் யாரையும் சூடோவில் சேர்க்காதீர்கள்.

ஹட்டன் வாசகி:
வந்துவிட்டது! லாக்கில் அட்ம், சிடிரோம், பிளக்டெவ், எல்பிஅட்மின் எல்லாம் வரிசையாக இருந்தன. கொப்பியில் எழுதிவைத்துச் சேர்த்தேன். ரீபூட் செய்து, குரூப்களைக் காட்டும் 'ஐடி' என்று அடித்துப் பார்த்தேன், சூடோ இருக்கிறது. வினாத்தாள்களும் அப்படியே இருக்கின்றன. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி அண்ணா. பின்னேரம் பிள்ளைகள் வருவதற்குள் அவர்களின் கணக்குகளையும் ஆட்யூசரால் வினாத்தாள் குரூப்பில் சேர்த்துவிடுகிறேன்.